ஸ்லீப் போட்டதும் கெர்னல் கிராஷ் நின்றுவிட்டது, இத்தோடு விட்டுவிடலாமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், இதே மாதிரி சிக்கலில் இருக்கும் வேறு யாராவது படித்தாலும் புரியட்டும். சேதராப்பட்டில் உங்கள் சிறு நிறுவனம் டேட்டா லாகர் பெட்டி செய்கிறது. நான்கு கோர் ஆர்ம் போர்டு, அதில் லினக்ஸ், நீங்களே வடிவமைத்த யூஎஸ்பி கார்டு, அதற்கு நீங்களே எழுதிய கெர்னல் டிரைவர் (லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலுக்குள் ஓடி கார்டை இயக்கும் நிரல்). ஆறு பெட்டிகள் கடலூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் கழிவுநீரின் ஓட்டத்தையும் பிஹெச் அளவையும் பதிவு செய்கின்றன. கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும்போது போர்டு பேட்டரியில் ஓடிக்கொண்டே இருக்கிறது, யூஎஸ்பி ஹப் மட்டும் ஒரு கணம் செத்துப் பிழைக்கிறது. அந்த நேரத்தில் மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை ஏதாவது ஒரு பெட்டி கெர்னல் பேனிக் ஆகிறது, அதாவது கெர்னலே விழுந்து பெட்டி நின்றுவிடுகிறது. ஆபீஸ் மேஜையில் கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினாலும் வருவதில்லை. கெர்னலுக்குள்ளிருந்து லாக் வரி எழுதும் பிரிண்ட்கே போட்டுத் தேடினால் கிராஷே காணாமல் போகிறது. சீனியர் சொன்னபடி, கார்டு போனதும் ஓடும் டிஸ்கனெக்ட் ஃபங்ஷனில், மெமரியை விடுவிக்கும் கேஃப்ரீக்கு முன்னால் 100 மில்லிசெகண்ட் எம்ஸ்லீப் (தூங்கிக் காத்திருக்கும் வரி) போட்டீர்கள். இரண்டு வாரமாகப் பழைய கிராஷ் வரவில்லை. ஒரு பெட்டி மட்டும் ஒரு தடவை விழுந்தது, ஆனால் அந்த லாகில் உங்கள் டிரைவர் பெயரே இல்லை, அதனால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. இத்தோடு விடலாமா, இல்லை ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டான மியூடெக்ஸும் போட வேண்டுமா என்கிறீர்கள்.

விடக்கூடாது. மியூடெக்ஸ் மட்டும் போட்டாலும் சரியாகாது. நீங்கள் கணக்கில் சேர்க்காமல் விட்ட அந்த ஒரு கிராஷ்தான் இந்தக் கேள்வியிலேயே முக்கியமான தகவல் என்று நினைக்கிறேன். புதுச்சேரியில் எம்பெடட் லினக்ஸ் டிரைவர் எழுதுவதே பல வருடங்களாக என் வேலை. நீங்கள் ஒட்டியிருக்கும் டிஸ்கனெக்ட் ஃபங்ஷனும், கார்டிடம் அவ்வப்போது அளவைக் கேட்டு வாங்க (போல் செய்ய) பின்னணியில் ஓடும் வொர்க் ஃபங்ஷனும், இரண்டு லாக் துண்டுகளும்தான் என் கையில் இருக்கின்றன. முழு டிரைவரை நான் பார்க்கவில்லை. அதனால் எது உறுதி, எது என் ஊகம் என்று அங்கங்கே சொல்லிக்கொண்டே போகிறேன்.

முதலில் அந்த இரண்டு வார அமைதி. மாதத்துக்கு இரண்டு மூன்று கிராஷ் என்றால் இரண்டு வாரத்துக்குச் சராசரி ஒன்றேகால். இப்படி அபூர்வமாக, ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் வரும் நிகழ்வுகளுக்குப் பாய்சான் கணக்கைப் போட்டால், கோடில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் விட்டிருந்தாலும் இரண்டு வாரம் சும்மா இருக்க ஏறக்குறைய 29 சதவீத வாய்ப்பு இருக்கிறது. மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. வெறுமனே காத்திருந்து 95 சதவீத நம்பிக்கை வர வேண்டுமானால், இதே வேகத்தில் வரும் கிராஷுக்கு ஏறக்குறைய ஐந்து வார அமைதி வேண்டும். அப்போதும்கூட உங்களுக்குத் தெரிவது 'குறைந்திருக்கிறது' என்பது மட்டும்தான்.

இப்போது கோடுக்கு வருவோம். உங்கள் வொர்க் ஃபங்ஷன் கார்டிடம் ஒரு கன்ட்ரோல் மெசேஜ் அனுப்பி அளவை வாங்குகிறது, கடைசி வரியில் தன்னையே மறுபடி 500 மில்லிசெகண்டுக்குப் பிறகு ஓடும்படி வரிசையில் போட்டுக்கொள்கிறது. டிஸ்கனெக்டில் 'கேன்சல் டிலேய்டு வொர்க்' கூப்பிடுகிறீர்கள், அப்புறம் கேஃப்ரீ. பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கேன்சல் வரிசையில் காத்திருக்கும் வேலையை மட்டும்தான் எடுக்கும். இன்னொரு கோரில் அந்த வேலை ஏற்கெனவே ஓட ஆரம்பித்துவிட்டிருந்தால், ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடும். முடியும்வரை காத்திருப்பது இதன் 'சிங்க்' வடிவம், 'கேன்சல் டிலேய்டு வொர்க் சிங்க்'. இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. இரண்டு ஃபங்ஷனும் தனித்தனியாக இருப்பதே இந்த வேறுபாட்டுக்காகத்தான்.

ஆகவே ஓட்டை ஒன்றல்ல, இரண்டு. ஒன்று, வொர்க் பாதியில் இருக்கும்போதே டிஸ்கனெக்ட் மெமரியை விடுவித்துவிடுவது. வொர்க் அடுத்த வரியில் அந்த மெமரியில் இருந்த ஆப்ஜெக்டை (கார்டு பற்றிய விவரங்களை டிரைவர் வைத்திருக்கும் ஸ்ட்ரக்டை) தொட்டதும் விழுகிறது. உங்கள் முதல் லாகில், விழுந்த இடத்தைக் காட்டும் பிசி வரி வொர்க் ஃபங்ஷனுக்குள் நிற்பது இதனால்தான். இரண்டு, அந்த வொர்க் தப்பித்தவறி முடிந்துவிட்டாலும் கடைசி வரியில் தன்னை மறுபடி வரிசையில் போட்டுக்கொள்கிறது. சீனியரின் எம்ஸ்லீப்பை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். கேன்சல் முடிந்து 100 மில்லிசெகண்ட் தூங்குகிறீர்கள். அதற்குள் ஓடிக்கொண்டிருந்த வொர்க் முடிந்து, 500 மில்லிசெகண்டுக்கு ஒரு டைமர் வைத்துவிட்டுப் போகிறது. நீங்கள் எழுந்து ஆப்ஜெக்டை விடுவிக்கிறீர்கள். அந்த டைமர் இருப்பதே நீங்கள் விடுவித்த ஆப்ஜெக்டுக்குள்தான், ஏனென்றால் டிலேய்டு வொர்க்கை உங்கள் ஸ்ட்ரக்டுக்குள்ளேயே வைத்திருக்கிறீர்கள். இன்னும் 400 மில்லிசெகண்ட் கழித்து கெர்னலின் டைமர் கோடு அங்கே போய்க் கதவைத் தட்டும். குடும்பம் வீட்டைக் காலி செய்து போனது தெரியாமல், விடிந்ததும் வந்து வாசலில் இருக்கும் பாத்திரத்தில் பால் ஊற்றிவிட்டுப் போகும் பால்காரர் மாதிரி. இப்போது அது யார் வீட்டுப் பாத்திரம் என்று அவருக்குத் தெரியாது.

உங்கள் இரண்டாவது லாகை இப்போது மறுபடி படியுங்கள். டிரைவர் பெயர் இல்லைதான். ஆனால் அடுக்கில், அதாவது விழும்போது எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்ற பட்டியலில், சாஃப்ட் ஐஆர்க்யூ (கெர்னல் தன் உள்வேலைகளைச் செய்யும் இடம்) இருக்கிறது, அதற்குள் 'ரன் டைமர்ஸ்' இருக்கிறது. டைமர் பட்டியலைச் சுற்றிவரும் கெர்னல் கோடு, பட்டியலில் செல்லாத பாயிண்டர் ஒன்றை மிதித்து விழுந்திருக்கிறது. கெர்னலின் டைமர் கோடு உலகம் முழுக்க ஓடுகிறது. உங்கள் பெட்டியில் மட்டும் அது கெட்டுப்போக ஒரு காரணம் வேண்டும். டைமர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மெமரியை விடுவிக்கும் ஒரு டிரைவர் அதே பெட்டியில் இருக்கும்போது, வேறு எங்கும் தேடுவதற்கு முன்னால் நான் அதைத்தான் பிடிப்பேன். அந்த லாக் இதனால்தான் என்று சத்தியம் செய்ய அதில் போதுமான வரிகள் இல்லை. ஆனால் எம்ஸ்லீப் முதல் ஓட்டையைச் சிறிதாக்கி, கிராஷை இரண்டாவது ஓட்டைக்குத் தள்ளியிருக்கிறது என்பது இருக்கும் எல்லாத் தடயத்தோடும் பொருந்துகிறது. அப்படியானால் ஸ்லீப் உங்கள் நிலைமையை மோசமாக்கியிருக்கிறது. முன்பு லாக் உங்கள் ஃபங்ஷனை நேராகக் கைகாட்டியது, இப்போது யாரையோ காட்டுகிறது.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விடுவித்த மெமரியை வேறு யாரும் உடனே எடுத்துக்கொள்ளாவிட்டால் பழைய உள்ளடக்கம் அப்படியே கிடக்கும். அப்போது டைமர் அடித்து, உங்கள் வொர்க் செத்த ஆப்ஜெக்டின் மேலேயே ஒழுங்காக ஓடி, மறுபடி தன்னை வரிசையில் போட்டுக்கொண்டு, சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். கிராஷ் வராத நாட்களில் பெட்டி நலமாக இருந்தது என்று எடுத்துக்கொள்ள முடியாது. அந்த மெமரி வேறொருவர் கைக்குப் போன பிறகு வொர்க் அதில் எழுதினால், கெடுவது அவருடைய டேட்டா. அது ஃபைல் சிஸ்டமாக இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கழிவுநீர் அளவைப் பதிவு செய்யும் பெட்டியில் தப்பான எண் பதிவாவதைவிட கிராஷ் ஆகி நிற்பது எவ்வளவோ மேல் என்பேன்.

மேஜையில் ஏன் வரவில்லை என்பது பற்றி எனக்கு ஒரு ஊகம் உண்டு, ஊகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கன்ட்ரோல் மெசேஜின் டைம்அவுட் 5000 மில்லிசெகண்ட் என்று கோடில் இருக்கிறது. கேபிளைக் கையால் பிடுங்கினால் பரிமாற்றம் உடனே பிழையோடு திரும்பிவிடும், வொர்க் சட்டென்று முடிந்துவிடும். ஜெனரேட்டர் மாறும்போது ஹப்பின் மின்னழுத்தம் சரிந்து ஏறுகிறது. ஹப் பாதி உயிரோடு இருந்தால் பதில் வராமல் வொர்க் அங்கேயே நொடிக்கணக்கில் தொங்கலாம். ஓட்டையின் அகலம் மைக்ரோசெகண்டிலிருந்து நொடிக்கு விரிகிறது. அந்த நிலையில் 100 மில்லிசெகண்ட் ஸ்லீப் முதல் ஓட்டையைக்கூட அடைக்காது. கடலூர்க் கடற்கரையோரத்தில் உப்புக்காற்றுக்கு யூஎஸ்பி கனெக்டர் பச்சை பூத்துப்போவதும் சாதாரணம், அதனாலும் இணைப்பு விட்டுவிட்டு வரும். அந்த ஹார்டுவேர் பிரச்சினையைத் தனியாகச் சரிசெய்யுங்கள், ஹப்புக்கும் பேட்டரி சப்ளை கொடுங்கள். ஆனால் எந்த யூஎஸ்பி கருவியும் எந்த நேரத்திலும் பிடுங்கப்படலாம் என்பது டிரைவரின் ஒப்பந்தம். அதைத் தாங்காத டிரைவருக்கு ஜெனரேட்டரைக் குறை சொல்ல முடியாது.

பிரிண்ட்கே மர்மம் எளிது. சீரியல் கன்சோல் 115200 வேகத்தில் இருக்கிறது என்கிறீர்கள். அந்த வேகத்தில் நொடிக்கு 11,520 எழுத்துதான் போகும். 80 எழுத்து உள்ள ஒரு வரிக்கு ஏழு மில்லிசெகண்ட். சில மைக்ரோசெகண்ட் இடைவெளியில் நடக்கும் மோதலைப் பிடிக்க ஏழு மில்லிசெகண்ட் தடுப்பைக் குறுக்கே போட்டால் மோதல் நடக்காது. அதற்குப் பதில் ட்ரேஸ் பிரிண்ட்கே போடுங்கள், அது மெமரியில் இருக்கும் ரிங் பஃபரில் எழுதிவிட்டு உடனே திரும்பிவிடும். 'எஃப்ட்ரேஸ் டம்ப் ஆன் ஊப்ஸ்' (ஊப்ஸ் என்பது கெர்னல் கோடில் வரும் கடும் பிழை) என்ற அமைப்பைப் போட்டுவிட்டால் கிராஷ் ஆகும்போது அந்தப் பஃபரை கெர்னலே கொட்டிவிடும்.

சரி, சரிசெய்வது எப்படி? சரிசெய்வதற்கு முன்னால், நினைத்தபோது விழவைக்கக் கற்றுக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் முழு வேலையில் இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். டெஸ்ட் கெர்னல் ஒன்றில் வொர்க் ஃபங்ஷனின் நடுவில், கன்ட்ரோல் மெசேஜ் திரும்பியதும் ஆப்ஜெக்டைத் தொடுவதற்கு முன்னால், இரண்டு நொடி எம்ஸ்லீப் போடுங்கள். சீனியர் ஸ்லீப்பைப் போட்டது ஓட்டையை மறைக்கும் இடத்தில். இது ஓட்டையை அகலப்படுத்தும் இடம். டிஸ்கனெக்டில் இருக்கும் எம்ஸ்லீப்பை எடுத்துவிடுங்கள். கேபிளைப் பிடுங்கிக்கொண்டு உட்கார வேண்டாம்: கெர்னல் தன் அமைப்புகளை ஃபைல்களாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் உங்கள் டிரைவர் டைரக்டரிக்குள் அன்பைண்ட் (டிரைவரைக் கழற்ற), பைண்ட் (மறுபடி மாட்ட) என்று இரண்டு ஃபைல் இருக்கும். இன்டர்ஃபேஸ் பெயரை ஒன்று மாற்றி ஒன்றில் எழுதும் சின்ன ஸ்கிரிப்ட்டைச் சுழலவிட்டால் போதும். சீரான கரண்டில், ஜெனரேட்டர் இல்லாமல், சேதராப்பட்டு மேஜையிலேயே பெட்டி விழுந்தால் ஹார்டுவேர் மேல் இருந்த சந்தேகம் அந்த நிமிடமே தீர்ந்தது. விழவே இல்லையென்றால் நான் இதுவரை சொன்னதில் ஏதோ தப்பு, கோடை மேலே தொடும் முன்னால் திரும்ப யோசிக்க வேண்டும்.

அந்த டெஸ்ட் கெர்னலில் மெமரிப் பிழைகளைப் பிடிக்கும் கேசான் வசதியைப் போட்டுக் கட்டுங்கள். 2015-இல் 4.0 பதிப்பில் லினக்ஸுக்குள் வந்தது. விடுவித்த மெமரியை யாராவது தொட்டால் உடனே மூன்று அடுக்குகளைக் காட்டும்: தொட்டது யார், முதலில் ஒதுக்கியது யார், விடுவித்தது யார். உங்கள் விஷயத்தில் தொட்டவர் போல் வொர்க், ஒதுக்கியவர் புரோப் (கார்டு சொருகப்பட்டதும் ஓடும் ஃபங்ஷன்), விடுவித்தவர் டிஸ்கனெக்ட் என்று வந்தால் வழக்கு முடிந்தது. மெமரியில் எட்டில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்ளும், வேகமும் குறையும், அதனால் கடலூருக்கு அனுப்பும் பெட்டியில் வேண்டாம். உங்கள் போர்டு 32 பிட் என்றால் 2021-இல் வந்த 5.11-க்கு முந்தைய கெர்னலில் இது கிடைக்காது. அப்போது பூட் வரியில் 'ஸ்லப் டீபக்' போட்டு விடுவித்த மெமரியில் விஷம் தடவச் சொல்லுங்கள். விடுவித்த பைட்டுகள், கடைசி ஒன்றைத் தவிர, எல்லாம் பதினாறடிமான எண் 6பி ஆகிவிடும். கிராஷ் முகவரி 6பி6பி6பி6பி என்று வந்தால் செத்த ஆப்ஜெக்டிலிருந்து பாயிண்டர் எடுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். இதோடு டீபக் ஆப்ஜெக்ட்ஸ் வசதியையும், அதன் டைமர், வொர்க், ஃப்ரீ உட்பிரிவுகளோடு போடுங்கள். ஓடும் டைமரை உள்ளே வைத்துக்கொண்டு மெமரியை விடுவித்தால், விடுவிக்கும் அந்த இடத்திலேயே அது கத்தும். உங்கள் இரண்டாவது லாகின் மர்மத்துக்கு இதைவிட நேரான கருவி இல்லை.

இப்போது திருத்தம். கேன்சலை சிங்க் வடிவத்துக்கு மாற்றுங்கள், எம்ஸ்லீப்பை எடுங்கள். வொர்க் தன்னைத்தானே மறுபடி வரிசையில் போட்டுக்கொண்டாலும் சிங்க் வடிவம் அதைச் சமாளிக்கும், இது உறுதி. ஆனால் ஒரு பொறி இருக்கிறது: வொர்க் ஃபங்ஷன் எடுக்கும் மியூடெக்ஸை டிஸ்கனெக்டும் பிடித்துக்கொண்டு சிங்க் கேன்சலைக் கூப்பிட்டால், அது வொர்க்குக்காகக் காத்திருக்கும், வொர்க் மியூடெக்ஸுக்காகக் காத்திருக்கும், இரண்டும் அங்கேயே நிற்கும். கிராஷை விட்டு டெட்லாக்கை வாங்கியதாக ஆகும். மியூடெக்ஸுக்குள் 'கருவி போய்விட்டது' என்ற கொடியை மட்டும் ஏற்றிவிட்டு வெளியே வாருங்கள், அப்புறம் கேன்சல் செய்யுங்கள். டெஸ்ட் கெர்னலில் பூட்டுகளின் வரிசையைக் கண்காணிக்கும் லாக்டெப் போட்டிருந்தால் இந்தச் சிக்கல் உண்மையில் நடக்காமலேயே எச்சரிக்கும். 2006 முதல் கெர்னலில் இருக்கும் வசதி, யாரும் அதைப் போடாமல் டிரைவர் எழுதக்கூடாது என்பது என் பிடிவாதமான கருத்து.

மியூடெக்ஸ் ஏன் போதாது என்றும் கேட்டீர்கள். நீங்கள் போட நினைக்கும் மியூடெக்ஸ் அந்த ஸ்ட்ரக்டுக்குள்ளேயேதான் இருக்கப்போகிறது. ஸ்ட்ரக்டை விடுவித்தால் பூட்டும் அதோடு போய்விடும். காத்திருந்த வொர்க் எழுந்து, இல்லாத பூட்டைத் திறக்கப் பார்க்கும். பூட்டு ஒரு ஆப்ஜெக்டின் உள்ளடக்கத்தைக் காக்கும்; அந்த ஆப்ஜெக்ட் உயிரோடு இருக்கிறதா என்பதை அதனால் காக்க முடியாது. உயிருக்கு எண்ணிக்கை வேண்டும், அதுதான் கேரெஃப். டெவைஸ் ஃபைலைத் திறக்கும் ஒவ்வொருவருக்கும் ஒன்று ஏற்றி, மூடும்போது ஒன்று இறக்கி, டிஸ்கனெக்ட் தன் பங்கை இறக்கி, கடைசி ஆள் இறக்கும்போது மட்டும் கேஃப்ரீ. உங்கள் டிரைவரில் இது இல்லை என்றால் மூன்றாவது ஓட்டையும் இருக்கிறது: மேலே ஓடும் உங்கள் லாகர் புரோகிராம் ஃபைலைத் திறந்துவைத்திருக்கும்போது ஹப் போனால், அடுத்த ரீட் செத்த ஆப்ஜெக்டில்தான் போய் நிற்கும். ஓப்பன், ரீட் ஃபங்ஷன்களை நீங்கள் ஒட்டவில்லை, அதனால் இது உங்களிடம் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கெர்னல் சோர்ஸிலேயே டிரைவர்ஸ், யூஎஸ்பி டைரக்டரிகளுக்குள் 'யூஎஸ்பி ஸ்கெலிட்டன்' என்ற மாதிரி டிரைவர் இருக்கிறது. கேரெஃப், கொடி, மியூடெக்ஸ் மூன்றும் எந்த வரிசையில் வருகின்றன என்பதை அதில் வரி வரியாகப் பாருங்கள்.

டிஸ்கனெக்டின் வரிசை இப்படி வரட்டும். முதலில் மைனர் எண்ணை (டெவைஸ் ஃபைலை உங்கள் கார்டோடு இணைக்கும் எண்) திருப்பிக் கொடுத்து, புதிதாக யாரும் திறக்க முடியாமல் செய்யுங்கள். அடுத்து மியூடெக்ஸுக்குள் கொடி. ரீடில் தூங்கிக்கொண்டிருப்பவர்களை எழுப்புங்கள். யூஆர்பியை (யூஎஸ்பி பரிமாற்றக் கோரிக்கையை) கில் செய்யுங்கள், வொர்க்கை சிங்க் கேன்சல் செய்யுங்கள், கடைசியில் கேரெஃபை இறக்குங்கள். யூஆர்பியைப் பொறுத்தவரை நான் பெரிதாகச் சந்தேகப்படவில்லை, ஏனென்றால் வழக்கமாக கெர்னலின் பொதுவான யூஎஸ்பி பகுதி (யூஎஸ்பி கோர்) இன்டர்ஃபேஸின் பரிமாற்றங்களை நிறுத்திவிட்டுத்தான் உங்கள் டிஸ்கனெக்டைக் கூப்பிடுகிறது. ஆனாலும் கில் வரியை எழுதுங்கள், பின்னால் படிப்பவருக்கு அது தெரிய வேண்டும். யூஆர்பி முடியும்போது வொர்க்கை எழுப்புகிறது, வொர்க் மறுபடி யூஆர்பியை அனுப்புகிறது என்று வளையமாக இருந்தால் எதை முதலில் நிறுத்தினாலும் மற்றது அதை எழுப்பிவிடும். அங்கே கில்லுக்குப் பதில் பாய்சன் போடுங்கள், அதன் பிறகு யாரும் அதை மறுபடி அனுப்ப முடியாது. டைமரும் வொர்க்கும் ஒன்றையொன்று எழுப்பும் இதே வளையச் சிக்கலுக்காகவே 2023-இல் வந்த 6.2 கெர்னலில் 'டைமர் ஷட்டவுன் சிங்க்' சேர்த்தார்கள். கெர்னலின் மையத்தில் இருப்பவர்களுக்கே அவ்வளவு நாள் தலைவலியாக இருந்த இடம் இது, நீங்கள் திணறுவதில் ஆச்சரியம் இல்லை.

பழைய ஒற்றை கோர் போர்டில் இதே டிரைவர் ஒழுங்காக ஓடியதே என்று உங்கள் சீனியர் கேட்கலாம். கோர் ஒன்றாக இருந்தாலும், கன்ட்ரோல் மெசேஜில் வொர்க் தூங்கும்போது டிஸ்கனெக்ட் உள்ளே வந்துவிடலாம், அதனால் ஓட்டை அங்கேயும் இருந்தது. நான்கு கோரில் அதற்கு வாய்ப்பு கூடியது, அவ்வளவுதான். இதை அலட்சியமாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்பதற்கு நல்ல சாட்சி 2016-இல் வெளிவந்த டர்ட்டி கவ் என்ற லினக்ஸ் பாதுகாப்பு ஓட்டை. மெமரி மேலாண்மையில் இருந்த ஒரு ரேஸ் (இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் மோதிக்கொள்ளும் பிழை) அது. 2007-இல் வந்த 2.6.22 முதல் பாதிப்பு இருந்தது, சாதாரண பயனர் ஒருவர் எல்லா அதிகாரமும் உள்ள ரூட் ஆகிவிட முடிந்தது. அதைத் திருத்தும்போது லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், பதினோரு வருடம் முன்பே தான் அதற்குச் செய்த திருத்தம் சரியாக அமையவில்லை என்றும், அன்றைக்கு ஏட்டளவில் மட்டுமே சாத்தியமாகத் தெரிந்த ரேஸ் இன்றைக்கு முன்பைவிட எளிதாக நடக்கிறது என்றும் திருத்தக் குறிப்பிலேயே எழுதினார்.

திருத்தம் போட்டதும் அந்த இரண்டு நொடி ஸ்லீப்பை வொர்க்குக்குள் அப்படியே விட்டு, கேசானோடு அன்பைண்ட் பைண்ட் ஸ்கிரிப்டை இரவு முழுக்க ஓடவிடுங்கள். பக்கத்தில் இன்னொரு புரோகிராம் டெவைஸ் ஃபைலைத் திறந்து படித்து மூடிக்கொண்டே இருக்கட்டும். முன்பு சில சுற்றுக்குள் விழுந்த அதே கெர்னல், திருத்தத்தை மட்டும் சேர்த்ததும் இரவெல்லாம் தாங்கினால் அது ஆதாரம். பிறகு திருத்தத்தை எடுத்துவிட்டு ஒரு தடவை ஓட்டுங்கள், மறுபடி விழ வேண்டும். இந்த இரண்டாவது சோதனையை நிறையப் பேர் செய்வதில்லை. விழவில்லை என்றால் வேறு ஏதோ மாறியதால்தான் நின்றிருக்கிறது. இதெல்லாம் முடிந்ததும் டெஸ்ட் ஸ்லீப்பை எடுத்துவிட்டு அனுப்புங்கள்.

அதுவரை கடலூரில் இருக்கும் ஆறு பெட்டிகளையும் அப்படியே விட வேண்டாம். 'பேனிக் ஆன் ஊப்ஸ்' போட்டு, பேனிக் ஆனால் 10 நொடியில் தானே ரீபூட் ஆகும்படி வையுங்கள். ஊப்ஸ் வந்த பிறகும் கெட்ட நிலையில் ஓடிக்கொண்டு தப்பான அளவு பதிவாவதை இது தடுக்கும். மெமரியில் சிறு பகுதியை ராம்ஊப்ஸுக்கு ஒதுக்கினால் ரீபூட்டுக்குப் பிறகும் கிராஷ் லாக் கிடைக்கும், சீரியல் கேபிளோடு சிப்காட்டில் காத்திருக்கத் தேவையில்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் அந்தப் பக்கம் கரண்ட் போகும் தடவை கூடும், அதற்குள் திருத்திய டிரைவரை ஏற்றிவிடுங்கள். டைமர் அடுக்கு வந்த அந்த லாகை முழுசாக எடுத்து, ஓப்பன், ரீட் ஃபங்ஷன்களோடு ஒட்டினால் மூன்றாவது ஓட்டையையும் பார்த்துச் சொல்கிறேன்.